பழகிய உடம்பு என்று ஒன்று இல்லை

(ஆம்பூரில் கல்லூரி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பொது சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பேசுவதுதான் என் வேலை. "இந்த நாத்தத்துல எப்படிண்ணா நிக்கிறீங்க? கை அரிக்கலையா?" என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் ஒரே சொல்தான். "பழகிடுச்சு." மேற்பார்வையாளர்களிடம் கேட்டாலும் அதே சொல்தான் வருகிறது. "அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம். நம்மால முடியாது."

சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. தொழிலாளி சொல்லும்போது அது சலிப்பு. வேறு வழியில்லை என்பதைச் சுருக்கிச் சொல்கிறார். மேலே இருப்பவர் சொல்லும்போது அது ஒரு கொள்கை. சில உடம்புகள் சில வேலைகளுக்கென்றே ஆனவை என்ற கொள்கை. இந்தக் கொள்கைக்கு இந்த நாட்டில் என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எடுத்துக்கொண்டு, அறிவியல் ஆதாரங்களை வைத்தே உடைத்தார். இன்று அப்படி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 'பழக்கம்' என்ற சொல்லுக்குள் ஒளித்துவைத்துப் பேசுகிறார்கள். அதனால் இன்று அந்தச் சொல்லை உயிரியலிடம் கொண்டுபோவோம். மூக்கு பழகுமா? தோல் பழகுமா? செல்லுக்குள் இருக்கும் மரபணு பழகுமா?

முதலில் மூக்கு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு, அடுத்த கட்டத்தில் வரும் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். மூடிக் கிடக்கும் கழிவுத் தொட்டிகளில் பாக்டீரியாக்களும் இதே வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். மிகக் குறைந்த அளவிலேயே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கு என்ற அளவை எட்டினால், சில நிமிடங்களில் முகரும் நரம்பு செயலிழந்துவிடும். நாற்றம் நின்றுவிடும், வாயு நிற்காது. இன்னும் அளவு கூடினால், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியை அந்த வாயு முடக்கிவிடும். சயனைடும் இதே நொதியைத்தான் தாக்குகிறது. தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதும் இதனால்தான்.

அதாவது மூக்கு 'பழகிவிட்டது' என்றால், உடம்பின் அபாயச் சங்கு அறுந்துவிட்டது என்று பொருள்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்பித்த ஊர்களில் ஒன்று நம் வேலூர்தான். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி உதிரும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேலைசெய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் நோயாளிகளின் கைகளைக் கவனமாக ஆராய்ந்தார். சதை தானாக அழுகவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சூடும் காயமும் தெரிவதில்லை. கவனிக்கப்படாத காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன. பாவம், சாபம், பரம்பரை என்று சொல்லி மனிதர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய நோயை, 'வலி தெரியவில்லை' என்ற ஒரு உண்மை புரட்டிப்போட்டது. உணர்வு மழுங்குவதைத் தாங்கும் சக்தி என்று நினைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை வேலூரில் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து தோல். பதனிடும் தோலை அல்ல, பதனிடுபவரின் தோலைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. டிரம்மில் போடும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் கொண்டது, ஒப்பீட்டளவில் அபாயம் குறைந்தது. ஆனால் சூடு, வெளிச்சம், காரத்தன்மை, தோலில் சேர்க்கும் சிலவகை எண்ணெய்கள் ஆகியவற்றால் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். இது தோலுக்குள் எளிதில் ஊடுருவும். உள்ளே போய் நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பின் எதிர்ப்பு செல்கள் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை பட்டால் ஓரிரு நாளில் அரிப்பு, வெடிப்பு, நீர்க்கசிவு. அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அழியாது.

கவனியுங்கள் தோழர்களே, 'பழக்கம்' என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது. முதல் வருடம் ஒன்றும் செய்யாத பொருள் ஐந்தாவது வருடம் கையைப் பிளக்கிறது. தோல் பழகுவதில்லை, கணக்கு வைக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனாலும் அந்தக் கணக்கு கூடவே வரும். ஏனென்றால் சிமெண்டிலும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் டென்மார்க் சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்க்கச் செய்து அதைக் குறைத்தது. அங்கே கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமிய ஒவ்வாமை குறைந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மாற்றியது பொருளைத்தான், மனிதர்களை அல்ல.

மூன்றாவது மரபணு. ஆறு இணைதிறன் குரோமியம் பார்ப்பதற்கு சல்பேட் போலவே வடிவம் கொண்டது. அதனால் செல் தன் வாசலைத் தானே திறந்து உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் அது வேறு வடிவத்துக்கு மாறி மரபணு இழையோடு ஒட்டிச் சேதப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை 1990இலேயே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. தோல் தூசியையும் பின்னர் அதே வகுப்பில் வைத்தது. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது.

இனி, 'இது அந்தச் சனங்களின் உடம்புவாகு' என்று சொல்பவர்களை மூன்று ஊர்களுக்கு அழைத்துப்போவோம். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் காலணித் தொழிலுக்குப் பெயர்போன பகுதி. அங்கே காலணித் தொழிலாளர்களிடம் மூக்குப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை 1970இல் மருத்துவர் அச்சிசனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். துருக்கியின் இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையை முகர்ந்தபடி காலணி ஒட்டியவர்களிடையே 26 ரத்தப் புற்று நோயாளிகளை மருத்துவர் முசாஃபர் அக்சோய் 1974இல் பதிவுசெய்தார். ஜப்பானில் 1960களில் வீட்டுப் பட்டறைகளில் செருப்பு ஒட்டியவர்களுக்கு, பசையில் இருந்த ஹெக்சேன் என்ற கரைப்பானால் கைகால் நரம்புகள் செயலிழந்தன. ஆங்கிலேயர், துருக்கியர், ஜப்பானியர். இவர்களில் யாரும் நம் சேரியில் பிறந்தவர்கள் இல்லை. பொருள் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் நாட்டிலும் கணக்கு இருக்கிறது. கான்பூர் தோல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், தொழிலாளர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஏதோவொரு உடல்நலக் கோளாறோடு இருந்தார்கள். அந்த வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் அது சுமார் 20 விழுக்காடு.

இப்போது ஒரு வருடத்தை மட்டும் பார்ப்போம், 2015. அந்த ஆண்டு மே 1 முதல், சருமத்தில் படும் தோல் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஐரோப்பியக் குழந்தையின் பாதம் அரிக்கக் கூடாதுதான். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே தோல்தான். அணிபவருக்கு மில்லிகிராம் கணக்கு, பதனிடுபவர் தலையில் டன் கணக்கு. அளக்கக் கருவி இல்லாததால் வந்த வித்தியாசம் இல்லை இது. ஏற்றுமதியாகும் காலணியை அளக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அதைச் செய்யும் கையை அளக்கத்தான் ஆளில்லை.

நீதிமன்றம் போனதையும் பேச வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அங்கேதான் உறுதியானது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை அந்தத் தீர்ப்பு பதிவுசெய்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு இழப்பீடு கணக்கிட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தக் கணக்கின் அளவுகோல் நிலம். நிலம் யாரிடம் இருந்தது? பாலாற்றங்கரையில் ஏக்கர் வைத்திருந்தவருக்கு இழப்பை அளந்து காட்ட முடிந்தது. அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவரும், சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவரும் அளந்து காட்ட என்ன வைத்திருந்தார்கள்? ஒரு நுரையீரல், இரண்டு கைகள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இந்த விவகாரத்தில் தீர்ப்பளித்து, இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொல்லியிருக்கிறது. இந்த முறையாவது உடம்பையும் சொத்தாகக் கணக்கிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

"அப்படியானால் கம்பெனிகளை மூடச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்தப் பகுதியில் ஷூ கம்பெனிச் சம்பளம்தான் பல பெண்களை ஆண்டையின் நிலத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. உங்களில் பலர் கல்லூரிக் கட்டணம் கட்டியதும் அதில்தான். மாட்டின் பெயரால் தோல் தொழிலையே அசிங்கம் என்று பேசுகிறவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர்கள் பேசுவது தீட்டு. நாம் பேசுவது நச்சு. தீட்டு தொழிலாளியைத் தள்ளி நிற்கச் சொல்லும். நச்சு என்று சொன்னால் நச்சைத்தான் அகற்றியாக வேண்டும்.

1700இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழில்நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். தோல் பதனிடுபவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்பதையும் மருத்துவர்கள் கேட்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விஷயம். முந்நூறு வருடம் கழித்து, கையெல்லாம் வெடித்திருந்த என் அத்தையை நான் கூட்டிப்போன மருத்துவமனையில் மூன்று முறை களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். ஒருமுறைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார்கள்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்கள் பட்டியலில் குரோமியப் புண் இருந்தது, ஆந்த்ராக்ஸ் இருந்தது. கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் என்ன வேலை என்று கேட்காத மருத்துவர் எதைத் தெரிவிப்பார்? தெரிவிக்காத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு 'பழக்கம்' என்று பெயர் வைப்பது சுலபம்.

அதனால் நான் கேட்பது மூன்றே விஷயங்கள். தோல் பகுதி மருத்துவமனைகளின் ஓ.பி. சீட்டில் 'என்ன வேலை, எத்தனை வருடம்' என்று ஒரு வரி வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்கள் உட்பட எல்லோருக்கும் ஆண்டுக்கொருமுறை நுரையீரல், தோல் பரிசோதனை நடக்க வேண்டும். அதன் முடிவு தொழிலாளி கைக்கு வர வேண்டும். கழிவுத் தொட்டியில் மனிதர் இறங்கவே கூடாது, வாயுவை அளக்கும் கருவி இல்லாமல் அதன் பக்கத்திலும் போகக் கூடாது.

இங்கே மருத்துவம், செவிலியம், உயிரியல், சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ எந்தப் பிரிவில் வேலை, எந்த வருடம் சேர்ந்தார்கள், அரிப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். "பழகிடுச்சு" என்று சொல்வார்கள். விடாதீர்கள், எந்த வருடத்திலிருந்து என்று கேளுங்கள்.