ஒரு வெற்றிலைக்கு எத்தனை மைல் சாலை?



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ராணி மங்கம்மாளின் நிர்வாகத் திறன்’. ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் வந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். காரணம், எனக்கு முன்னால் பேசிவிட்டு, மாலையையும் வாங்கிக்கொண்டு, அவசர வேலை என்று புறப்பட்டுப் போன நண்பர். அவர் என்ன சொன்னார்? அந்த அம்மாள் ஒருநாள் மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். பாவம் என்று யாரோ பயமுறுத்தினார்களாம். அந்தப் பாவம் தீரத்தான் சாலை போட்டாராம், சத்திரம் கட்டினாராம், தண்ணீர்ப் பந்தல் வைத்தாராம். சபை சிரித்தது. முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயா, ஒரு வெற்றிலைக்கு எத்தனை மைல் சாலை? பாக்குக்குத் தனிக் கணக்கா? சுண்ணாம்பு அதிகமானால் ஒரு சத்திரமா? (சிரிப்பு) சிரிக்காதீர்கள். இந்தக் கதையை வரலாற்றுப் புத்தகங்களிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் எழுதி, படித்தவர்கள் திருப்பிச் சொல்லி, நாமும் முந்நூறு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறோம்.

திருமலை நாயக்கர் இதே மதுரையில் மகால் கட்டினார். அவர் எந்தக் கையால் எதைத் தின்றார் என்று யாராவது கேட்டோமா? கரிகாலன் கல்லணை கட்டினான். என்ன பாவத்துக்கு என்று கேட்டோமா? ஆண் கட்டினால் கீர்த்தி. பெண் கட்டினால் பிராயச்சித்தம். இதுதான் நம் ஊர்ச் சட்டம். ஒரு பெண் தானாக யோசித்து, வெயிலில் நடப்பவனுக்கு நிழல் வேண்டும், பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்று முடிவெடுத்தாள் என்றால் இவர்களுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. பின்னால் ஒரு தப்பு இருந்தாக வேண்டும்!

யார் அந்த அம்மாள்? சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682-ல் கணவர் இறந்தார். சிதை ஏறவில்லை. மகனுக்கு இன்னும் வயது போதாது, நான் இருந்தாக வேண்டும் என்று நின்றுவிட்டார். இதை இப்போது சொல்வது எளிது. அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? 1710-ல் பக்கத்து ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி இறந்தபோது, அவருடைய சிதையில் நாற்பத்தேழு பெண்கள் எரிந்தார்கள். நாற்பத்தேழு! அந்த உலகத்தில் ஒரு ராஜாவின் விதவை, “நான் வரமாட்டேன், எனக்கு வேலை இருக்கிறது” என்பதற்கு வாள் பிடிப்பதைவிடப் பெரிய நெஞ்சு வேண்டும்.

மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் பட்டத்துக்கு வந்தான். ஏழே வருஷம். 1689-ல் அம்மை நோய் கொண்டுபோய்விட்டது. மருமகள் அப்போது கர்ப்பிணி. பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு அவளும் போய்ச் சேர்ந்தாள். தாய்மார்களே, நீங்கள் யோசித்துப் பாருங்கள். கணவன் இல்லை, மகன் இல்லை, மருமகள் இல்லை. மடியில் கைக்குழந்தை. வாசலில் மொகலாயன், மைசூர்க்காரன், தஞ்சாவூர் மராட்டியன், மறவர் சீமை, திருவிதாங்கூர். நம் வீட்டில் கேஸ் தீர்ந்தாலே ஒருநாள் பூராவும் கத்துகிறோம். அந்த அம்மாள் பேரனுக்குப் பட்டம் கட்டி, திருச்சியில் இருந்துகொண்டு ஏறக்குறைய பதினாறு வருஷம் ராஜ்யத்தை நடத்தினார்.

“மொகலாயருக்குக் கப்பம் கட்டியவள்தானே, என்ன பெரிய வீரம்?” என்று மீசையை முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் போக்குவரத்துக் காவலரிடம் அபராதச் சீட்டு வாங்கும்போது மூச்சு விடாதவர்கள். (சிரிப்பு, கைதட்டல்) ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையைச் சுற்றி எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தான். அந்தப் படை தெற்கே திரும்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, பணத்தைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார். தஞ்சாவூர் மன்னர் ஷாஜியும்தான் கொடுத்தார். அவருக்கு அது ராஜதந்திரம், இந்த அம்மாளுக்குக் கோழைத்தனமா? பாதுஷாவின் செருப்பை யானைமேல் ஊர்வலமாகக் கொண்டுவந்தபோது மகன் அதில் காலை நுழைத்து அவமதித்தான் என்று ஒரு கதை உண்டு. அதற்கு விசில் அடிக்கிறோம். செருப்பில் கால் விடுவது சுலபம். அதற்குப் பிறகு வரும் குதிரைப்படைக்கு யார் பதில் சொல்வது? அம்மா!

சண்டை போடவேண்டிய இடத்தில் போட்டார். கப்பப் பாக்கி வைத்த திருவிதாங்கூர்மேல் 1697-ல் தளவாய் நரசப்பையனை அனுப்பி வசூலித்தார். 1700-ஐ ஒட்டித் தஞ்சாவூர்ப் படை எல்லையில் கொள்ளையடித்தபோது அதே நரசப்பையன் கொள்ளிடத்தைத் தாண்டி அவர்கள் ஊருக்குள்ளேயே போனார். கடைசியில் தஞ்சாவூர்க்காரர்கள் பணம் கொடுத்துச் சமாதானம் கேட்டார்கள். அப்புறம்தான் விஷயம் இருக்கிறது. மைசூர் சிக்கதேவராயன் காவிரியை மறித்து அணை போட்டான். நேற்று அடித்துக்கொண்ட இரண்டு ராஜ்யமும் இன்று கைகோத்தன. மதுரைப் படையும் தஞ்சாவூர்ப் படையும் சேர்ந்து அணையை உடைக்கக் கிளம்பின. போய்ச் சேருவதற்குள் மழை கொட்டி வெள்ளமே அணையை அடித்துக்கொண்டு போயிற்று, அது வேறு. ஆனால் தண்ணீர் என்று வந்தபோது அந்த அம்மாள் பழைய பகையைத் தூக்கி மூலையில் போட்டார். நம் காலத்தில் தண்ணீருக்காக அனைத்துக் கட்சிக் கூட்டம் என்றால் முதல் தகராறு யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதில் வருகிறது. இதற்கு மேல் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். (சிரிப்பு)

இரக்கத்துக்கு வருகிறேன். 1693-ல் மறவர் சீமையில் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ பாதிரியாரின் தலையை வெட்டினார்கள். அதே காலத்தில் மதுரை ராஜ்யத்தில் பாதிரிமார் நிம்மதியாக நடமாடினார்கள். திருச்சி தர்காவுக்கு மங்கம்மாள் நிலம் கொடுத்தார். மீனாட்சிக்கும் திருவிழா நடத்தினார். பொற்றாமரைக் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்தில் நிமிர்ந்து பாருங்கள், விதானத்தில் அவரைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். இந்தத் தர்கா, அந்தக் கோயில், இதெல்லாம் எந்த வெற்றிலைக்கு? ஆண் கொடுத்தால் கீர்த்தி, பெண் கொடுத்தால் பிராயச்சித்தம்!

ஒரு சம்பவம் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் புளியமரத்தடி டீக்கடை. கடை பெஞ்சில் ஒரு பெரியவர், மடியில் வெற்றிலைப் பை. காம்பைக் கிள்ளி, நகத்தால் முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, “இது மங்கம்மா சாலை, தம்பி” என்றார். எந்த நூற்றாண்டு, எந்த வம்சம், ஒன்றும் அவருக்குத் தெரியாது. சாலை போட்டது யார் என்று மட்டும் தெரியும். அவரிடம் இந்த வெற்றிலைக் கதையைக் கேட்டேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வலது கையில கம்பு பிடிச்சிருக்கேன். அறுபது வருசமா இடது கையாலதான் போடுதேன். நான் எந்த ரோட்டப் போட்டேன்?” (பலத்த கைதட்டல்)

இன்னொரு கேவலமும் உண்டு. மந்திரியோடு சேர்த்துக் கட்டிய கதை. ராஜா மந்திரியோடு பேசினால் ஆலோசனை, ராணி பேசினால் கிசுகிசு. அதை இந்த மேடையில் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. கடைசிக் காலத்தில் பேரனைச் சுற்றியிருந்தவர்கள் அவரை அடைத்துவைத்துச் சோறு போடாமல் கொன்றார்கள் என்று மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஊருக்கெல்லாம் சத்திரம் வைத்தவருக்கு ஒரு பிடி சோறு இல்லை! இதைக் கேட்டு ரத்தம் கொதிக்க வேண்டாமா? நாம் என்ன செய்தோம்? வெற்றிலையை எடுத்துக்கொண்டோம், சிரித்தோம்.

ஒரு காலத்தில் திண்டுக்கல் பஸ்களில் ‘ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்’ என்று எழுதியிருக்கும். சாலை போட்டவர் பெயர் சாலையில் ஓடியது. 1997-ல் சாதிச் சண்டைக்குப் பயந்து எல்லாத் தலைவர்கள் பெயரையும் அழித்தபோது அதுவும் போயிற்று. போகட்டும். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. தமுக்கத்தில் அவர் அரண்மனைதான் காந்தி அருங்காட்சியகம். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கையால் வெற்றிலை போட்டார் என்பதை விட்டுவிட்டு, இதையெல்லாம் கட்டியது யார் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு பேச்சாளரை அழைக்கும்போதே, “வெற்றிலைக் கதை சொல்வீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். சொல்வேன் என்றால் பஸ் செலவைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.