முதலில் வரவேண்டிய வீரன்



வீரர் பலர் ஒரே உலகில் வாழ்வதாகக் கொண்டு, அவர்தம் தனிப்படங்களை ஒரு பெருந்தொடராக இணைக்கும் முறை அமெரிக்கத் திரையுலகில் வேரூன்றியுள்ளது. அத்தகைய தொடரை எவரைக்கொண்டு தொடங்குவது? முதற்படம் வீழ்ந்தால் பின்வருவன பிறவாமலே மடியுமாதலின், இது சிறிய வினாவன்று.

2005ஆம் ஆண்டில், மார்வெல் நிறுவனம் தானே படந்தயாரிக்கத் துணிந்தபோது, ஸ்பைடர்மான், எக்ஸ்-மென் ஆகிய புகழ்மிக்க பாத்திரங்களின் திரைப்பட உரிமை பிறர் கையில் இருந்தது. எஞ்சியிருந்த பாத்திரங்கள் சிலவற்றின் உரிமையை ஈடுவைத்து, 525 மில்லியன் டொலர் வரை கடன்பெற அது ஒழுங்கு செய்தது. தோற்றால் அவ்வுரிமையும் போய்விடும்.

அந்நிலையில் 2008இல் முதலாவதாக வந்தவன் அயன் மான். அவன் தேவனல்லன், வேற்றுலகத்தவனுமல்லன். படைக்கலம் விற்றுச் செல்வம் குவித்தவன். தன் நிறுவனத்தின் படைக்கலத்தாலேயே புண்பட்டு மனந்திருந்துகிறான். அவன் கவசம் கைத்தொழிலால் ஆனது. ஆகவே காண்போர் எளிதில் நம்பினர். அந்நம்பிக்கை நிலைத்த பின்னரே, 2011இல், இடியின் தேவனாகிய தோர் வந்தான். ஐந்து தனிப்படங்களின் பின், 2012இல் அனைவரும் கூடிய ‘த அவெஞ்சர்ஸ்’ 1,500 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது.

டீசி வீரர்களின் கதையோ வேறு. 2013இல் சுப்பர்மான் வந்தான். 2016இல், இரண்டாம் படத்திலேயே, பற்மான் அவனோடு மோதினான். 2017இல் வெளியான ‘ஜஸ்டிஸ் லீக்’ என்னும் கூட்டுப்படத்திலே, வீரர் அறுவருள் நால்வருக்கு அத்தொடரில் அதற்குமுன் தனிப்படமே இல்லை. அது ஈட்டியது 650 மில்லியனுக்குச் சற்று மேல். அதே ஆண்டில் வொண்டர் வுமன் தனித்து நின்ற படமோ 800 மில்லியனைக் கடந்தது. ஒருத்தி தனித்து ஈட்டியதை அறுவர் கூடியும் ஈட்டினாரல்லர்!

பாரதப் போர்க்களத்திலே கர்ணன் வீழுங்கால் நம் நெஞ்சு பதைப்பது ஏன்? அவன் பிறப்பும் கொடையும் நாம் முன்னரே அறிந்தவையன்றோ? கூட்டத்தின் வலிமை தனிக்கதைகளில் ஊறுவது.

நல்ல நடிகரும் இயக்குநரும் இன்றேல் எத்தேர்வும் பயன்படாது என்பது மெய்யே. எனினும், புகழை மட்டும் நோக்கி முதல்வனைத் தேர்தல் தகாது. அடுத்த படமே வாராது போயினும், எவன் கதை தன்னளவில் நிறைவுடையதாய் நிற்குமோ, அவனையே முதலில் அனுப்புதல் வேண்டும்.