பாரிசில் கண்ட பாலே

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் படித்துவிட்டு இறங்கிவிடுவது என் வழக்கம். இவ்வாண்டு கணக்கோடு, நான் வெளிநாடு சென்று கண்டுவந்த நடனத்தைப் பற்றியும் பேச வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்தவன். ஆடற்கலையின் இலக்கணம் அறியேன். கண்டதைக் கண்டவாறு கூறுவேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் மகள் நம் சங்கத்தின் நடன வகுப்பில் பரதம் பயின்றவள். 2015ஆம் ஆண்டில், அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளியில் பாலே நடனப் படம் ஒன்றைக் காட்டினார்களாம். வீடு திரும்பியதும், “அப்பா, இதை நேரில் பார்க்க வேண்டும்” என்றாள். நான் நகைத்தேன். பின்னர், “ஐந்தாண்டு இடைவிடாது நீ பயிற்சி செய், ஐந்தாண்டு இடைவிடாது நான் பணம் சேர்க்கிறேன்” என்று வாக்களித்து, அஞ்சலகத்தில் தொடர்வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். 2020இல் அது முதிர்ந்தபோது பெருந்தொற்று உலகத்தின் கதவுகளை அடைத்துவிட்டது. 2022 ஏப்ரலில்தான், அலுவலக அனுமதியும் விசாவும் பெற்று, தந்தையும் மகளுமாகக் கரக்பூரிலிருந்து புறப்பட்டோம். “ஆட்டம் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று நண்பர்கள் கேட்டனர். அதற்கு விடை கூற அன்று எனக்குத் தெரியவில்லை.

பாரிசு நாட்டியப் பள்ளியை 14ஆம் லூயி மன்னர் 1713இல் நிறுவினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இன்றளவும் நடந்து வருகிறது. அங்கே சிறுவர் சிறுமியர் எட்டு, ஒன்பது வயதிலேயே சேர்கின்றனர். நடனக்குழுவில் ஏறத்தாழ 150 பேர் உள்ளனர். அவர்களுள்ளும் நம் அலுவலகம் போன்றே ஐந்து படிநிலைகள் உண்டு. நெடுங்காலமாகத் தேர்வு எழுதி நாம் பதவி உயர்வு பெறுவதுபோல, அவர்களும் நடுவர்முன் ஆடிக்காட்டியே உயர்ந்து வந்துள்ளனர். உச்சநிலை மட்டும் தேர்வினால் வருவதன்று. தகுதி கண்டு வழங்கப்படுவது. அந்நிலையினரை ‘எத்துவால்’, அதாவது விண்மீன், என்றழைக்கின்றனர். இதைக் கேட்டதும் மாதவியின் நினைவே எனக்கு வந்தது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்றவள் அல்லளோ அவள்! மற்றொன்று கேளுங்கள். பாரிசுக் குழுவினர் 42 வயதில் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். அவ்வயதைக் கடந்தபின்னரே நான் முதன்முதலாக ஒரு நடன அரங்கில் நுழைந்தேன்.

1989இல் திறக்கப்பெற்ற பாஸ்தீய் அரங்கில் 2,745 இருக்கைகள் உள்ளன. எம் வசதிக்கேற்ப உச்சி மாடத்தில் இடம் கிடைத்தது. அன்று அவர்கள் ஆடிய நாடகத்தின் பெயர் ‘லா பயாதேர்’. ஆடுமகள் எனும் பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கதை நிகழ்வது நம் பாரதத்தில்! மாரியுஸ் பெத்திப்பா என்பவர் நடனம் அமைக்க, மின்குஸ் என்பவர் இசை அமைக்க, 1877இல் இரஷ்யத் தலைநகராய் விளங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அது முதன்முதல் அரங்கேறியது. பாரிசுக் குழுவுக்காக அதனை 1992இல் புதுக்கி அமைத்தவர் ருடால்ஃப் நூரேயெவ். அவர் 1938இல் சைபீரியப் பெருவழியில் ஓடிக்கொண்டிருந்த இரயில் வண்டியில் பிறந்தவர் என்று அறிந்ததும், இரயில்வே ஊழியனாகிய எனக்கு அவர்மீது தனியன்பு உண்டாயிற்று. நோயுற்ற நிலையில் அப்பணியை முடித்த அவர், மூன்று திங்களில் உயிர் நீத்தார்.

கதை எளியது. நிகியா எனும் கோயில் ஆடுமகளும் சோலோர் எனும் வீரனும் காதல் கொள்கின்றனர். தலைமைப் பூசாரியின் பொறாமையும் அரசகுமாரியின் பகையும் குறுக்கே நிற்கின்றன. பூக்கூடையில் மறைத்து வைத்த பாம்பு தீண்ட, காதலனால் கைவிடப்பட்ட நிகியா மாற்று மருந்தை மறுத்து மாய்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன். முதற்பகுதியைக் கண்டு எனக்குச் சினமே எழுந்தது. தீயைச் சுற்றித் துள்ளும் பக்கிரிகளையும் பொன்வண்ணம் பூசிய சிலையின் ஆட்டத்தையும் கண்டேன். நம் அடவு ஒன்றையேனும் காணவில்லை. நம் நாட்டை நேரில் அறியாதவர் வரைந்த நம் நாட்டின் படம் அது. ஆனால் என் மகள் என் செவியருகே குனிந்து, “அப்பா, அவர்களும் எங்களைப் போலவே முழங்காலை வெளிப்புறம் திருப்புகிறார்கள். நாங்கள் அரைமண்டியில் அமர்கிறோம், அவர்கள் மேலே எழுகிறார்கள்” என்றாள். கதையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் இறுதிப் பகுதி வந்தது. துயர் தாளாத சோலோர் அபினி மயக்கத்தில் காண்கின்ற கனவு அது. இருண்ட மேடையின் பின்புறச் சரிவில் வெள்ளுடை அணிந்த நங்கை ஒருத்தி தோன்றினாள். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னே நீட்டினாள். பின் நிமிர்ந்து ஓரடி இறங்கினாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி. அவளுக்குப் பின் மற்றொருத்தி. இவ்வாறு 32 பேர், அதே அசைவை மீண்டும் மீண்டும் செய்தவாறு ஒரே வரிசையில் இறங்கி வந்தனர். மலைச்சரிவில் நெடிய வண்டித்தொடர் ஒன்று வளைந்து இறங்கும்போது பெட்டிக்குப் பெட்டி குலுங்கும். அதை நாம் அறிவோம். இங்கே ஒரு குலுக்கலும் இல்லை. பல்லாயிரம் நாட்களின் உழைப்பு அந்தச் சரிவில் இறங்கி வருவதாகவே எனக்குத் தோன்றிற்று. அவருள் பெரும்பாலோர் விண்மீன்கள் அல்லர்; பெயர் எவரும் அறியாத கீழ்ப்படிநிலையினர். என்னைப் போன்ற எழுத்தர்கள் என்றே சொல்லலாம். ஆயினும் அவருள் ஒருவர் தளர்ந்தாலும் அக்கனவு கலைந்துவிடும். என் கண்கள் கலங்கின. திரும்பி நோக்கினேன். என் மகள் கைகளைப் பிசைந்தவாறு அசையாமல் அமர்ந்திருந்தாள்.

மறுநாட் காலை அவள் என்னை மோந்மார்த்ர் பெருஞ்சாலைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே 1807இல் கட்டப்பட்ட வரியேத்தே நாடக அரங்கம் இன்றும் உள்ளது. “இங்கே எதற்கு?” என்றேன். தான் படித்திருந்ததை அவள் கூறினாள். 1838ஆம் ஆண்டில், கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சார்ந்த தேவதாசியர் ஐவரும் இசைவாணர் மூவரும் கப்பலேறி வந்து அந்த அரங்கில் ஆடினராம். அவருள் அம்மணி என்பவருக்கு வயது பதினெட்டு. ஒரு சிறுமிக்கோ ஆறே வயது. தியோஃபில் கோத்தியே எனும் எழுத்தாளர் அவர்தம் ஆட்டத்தில் நெஞ்சைப் பறிகொடுத்து எழுதினார். பார் எனும் சிற்பி அம்மணியின் உருவை வடித்தார். பின்னர் அதே கோத்தியே சகுந்தலையின் கதையைப் பாலே நாடகமாக எழுத, 1858இல் அது பாரிசில் அரங்கேறியது. அதற்கு நடனம் அமைத்தவர் நான் முன்னர்க் கூறிய பெத்திப்பாவின் தமையனார்.

அன்பர்களே, அவ்வாயிலில் நான் நெடுநேரம் நின்றேன். முந்தைய இரவில் “இது நம்முடையது அன்று” எனச் சினந்தவன் நான். நம்முடையது எதுவோ அது 184 ஆண்டுகட்கு முன்னரே அவ்வூருக்கு வந்து ஆடிச் சென்றிருக்கிறது. அம்மணியின் பெயரை அதுவரை நான் கேட்டதும் இல்லை. அயலார் நம்மைத் தவறாக வரைந்தனர் என்று குறை கூறுவது எளிது. நம் கலையை நாம் எவ்வாறு போற்றினோம் என்ற கேள்விக்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று.

அக்கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. இவ்வவையில் அதை ஒளிக்க மாட்டேன். 2021இல், பெருந்தொற்றால் நம் நிதி மெலிந்திருந்தபோது, பொருளாளனாகிய நான் செயற்குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். நடன வகுப்பில் மாணவியர் பதினொருவரே உள்ளனர். ஆசிரியையின் ஊதியம் பயனற்ற செலவு. வகுப்பை நிறுத்திவிட்டுக் கூடத்தை வாடகைக்கு விடலாம் என்பதே அக்குறிப்பு. என் மகளை ஐந்தாண்டு பயிலச் சொன்ன அதே கையால் அதை எழுதினேன். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் பதினோராண்டுப் பயிற்சிக்கும் ஒரு நாள் வாடகைக்கும் ஒரே பத்தியில் மதிப்பெழுதியது என் பிழை. பாரிசிலிருந்து திரும்பிய வாரமே அக்குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆசிரியை அம்மையாரிடம் நேரில் சென்று மன்னிப்பும் கேட்டேன். அவர், “வகுப்பு எப்போது தொடங்கும்?” என்று மட்டுமே வினவினார்.

வகுப்பு மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனால் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டுமே. புதனும் வெள்ளியும் மாலையில் நம் கூடம் வாடகைக்குச் செல்கிறது. வாரம் ஒரு மணி நேரத்தில் அரைமண்டி நிலைக்காது. இதை என் மகளே கூறுகிறாள். கல்லூரியில் பயிலும் அவள் இப்போது ஞாயிறுதோறும் சிறு குழந்தைகளுக்குத் தட்டடவு சொல்லித் தருகிறாள்.

ஆதலின் பொருளாளன் எனும் முறையில் ஒரு வேண்டுகோள். அவ்விரு மாலைகளையும் குழந்தைகளுக்கு விட்டுவிடுவோம். வாடகை இழப்பை ஈடுசெய்ய உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்கள் ஒன்றுக்கு 50 ரூபாய் கூடுதலாய்த் தந்தால் போதும். கணக்குப் பார்த்தே சொல்கிறேன். வரும் பொதுக்குழுவில் இத்தீர்மானத்தை முன்மொழிவேன். வழிமொழிய விரும்புவோர், விழா முடிந்ததும் என்னிடம் பெயர் தருமாறு வேண்டி அமைகின்றேன்.