போருக்குப் பிந்தைய தலைமுறை தேடித்தந்த தமிழ்வாழ்வு



'வணக்கம்' என்று கூறி ஓர் உரையைத் தொடங்குவது இன்று எவர்க்கும் வியப்பளிப்பதில்லை. அது காற்றைப்போல் இயல்பாகிவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், படித்தவர் கூடிய அவைகளில் 'நமசுகாரம்' என்பதே பெருமதிப்புடைய சொல்லாக இருந்தது. அதனை வீழ்த்தி வணக்கத்தை அரியணை ஏற்றியவர் யாவர்? அரசாணை அன்று, பல்கலைக்கழகமும் அன்று. அப் போருக்குப் பின் பிறந்தோரும், பள்ளிக்குச் சென்றோரும் ஆகிய ஒரு தலைமுறையினரே அதனைச் செய்து முடித்தனர். அத்தலைமுறை நம் பண்பாட்டையும் அன்றாட வாழ்வையும் எவ்வாறு மாற்றிற்று, எதனை முடியாது விட்டுச்சென்றது என்பதே இவ்வுரையின் பொருள்.

தனித்தமிழ்க் கொள்கை 1916-இலேயே மறைமலையடிகளாரால் தோற்றுவிக்கப்பட்டது. 'வேதாசலம்' என்னும் தம் பெயரையே மாற்றிக்கொண்டு அவர் வழிகாட்டினார். எனினும் அவர் மறைந்த 1950 வரை அக்கொள்கை பெரும்பாலும் புலவர் அவைகளிலும் நூல்களிலுமே உலவிற்று. எழுத்தறியா மக்களிடம் எழுத்துமொழியின் தூய்மையைப் பற்றிப் பேசிப் பயன் என்ன? விதை இருந்தது, நிலம் இல்லை.

அந்நிலத்தைப் பண்படுத்தியது கல்வி. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. 1953-இல் புகுத்தப்பட்ட அரைநாட் பள்ளித்திட்டம் எதிர்ப்புக்குப் பணிந்து 1954-இல் கைவிடப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் நண்பகல் உணவு வழங்கப்படலாயிற்று. ஏர்ப்பின்னும் ஆட்டுப்பின்னும் சென்ற சிறுவர் பள்ளித்திண்ணைக்கு வந்தனர். தம் குடியிலேயே முதன்முதல் எழுத்தறிந்தவர் என்னும் பெருமை அவருள் எத்தனையோ பேர்க்கு உண்டு. அவர் கற்றது தமிழில். வரலாறும் கணக்கும் அறிவியலும் அவர்க்குத் தமிழ்வழியே வந்தன. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஊர்ப் படிப்பகத்திலும் ஒருவர் இதழை உரக்கப் படிக்கப் பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்டதும் அக்காலத்திலேதான். 1954 முதல் 1968 வரை, பெரியசாமித் தூரனாரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்ததும் இத்தலைமுறை கற்று வளர்ந்த காலத்திலேயே.

கற்றவன் என்ன செய்தான்? முதலில் துண்டறிக்கையைத் திருத்தினான்! இதனைச் சிறுசெயல் என்று எண்ணற்க. பழைய கூட்ட அறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'மகாசனங்கள்' அழைக்கப்படுவர், 'அக்கிராசனர்' வீற்றிருப்பார், 'பிரசங்கம்' நிகழும், 'காரியதரிசி' அறிக்கை படிப்பார், 'வந்தனோபசாரம்' கூறிக் கலைவர். தேர்தல் வந்தாலோ 'அபேட்சகர்' வாக்குக் கேட்டு வருவார். இருபது முப்பது ஆண்டுகளில் இவை அனைத்தும் மறைந்தொழிந்தன. பொதுமக்கள், தலைவர், சொற்பொழிவு, செயலாளர், நன்றியுரை, வேட்பாளர் என்னும் சொற்கள் அவ்விடங்களில் அமர்ந்தன. உழவனும் நெசவாளியும் இச்சொற்களை எளிதிற் பேசினர். ஏனெனில் இவற்றின் வேர்கள் அவர் வாயில் முன்னரே இருந்தன. 'வேட்பு' என்பது விருப்பம் என்று உணர்ந்தவனுக்கு வேட்பாளர் யார் என்று விளக்கவேண்டுவதில்லை. மொழி எளிதானபோது அவையும் எளியவனுக்கு உரியதாயிற்று. மேடை ஏற அஞ்சியவன் மேடை ஏறினான். ஆகவே இது சொல்மாற்றம் மட்டும் அன்று. உரிமை மாற்றமும் ஆகும்.

அடுத்து, இல்லத்திற்கு வருவோம். திருமண அழைப்பிதழில் 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்றிருந்தது 'திருமண அழைப்பிதழ்' ஆயிற்று; 'சிரீ', 'சிரீமதி' என்பன 'திரு', 'திருமதி' ஆயின; பெயரின் வாலாக ஒட்டிக்கிடந்த சாதிப்பட்டம் பலரால் வெட்டியெறியப்பட்டது. தந்தை பெரியார் தொடங்கிவைத்த தன்மதிப்புத் திருமணங்களை இத்தலைமுறையினர் ஊர்தோறும் நடத்தினர். 1950-களில் அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் மணமே செல்லாது என்னும் இழிவையும், பிள்ளைகளின் பிறப்புரிமைக்கே ஊறு நேரும் என்னும் அச்சத்தையும் தாங்கிக்கொண்டு அவர்கள் பின்வாங்காது நின்றனர். அண்ணா முதலமைச்சரானபின் 1967-இல் நிறைவேறி 1968-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், முன்பு நடந்த மணங்களையும் சேர்த்துச் செல்லுபடி ஆக்கிற்று.

நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்த இளைஞர் தம் பெயரை மாற்றாவிடினும் தம் மக்களுக்குத் தமிழ்ப்பெயர் இட்டனர். தேன்மொழி, கயல்விழி, இளங்கோவன், தமிழ்ச்செல்வன் என்று பள்ளி வருகைப்பதிவேடுகள் தமிழ் மணந்தன. தொட்டிலிலேயே தொடங்கிய இம்மாற்றத்தினும் ஆழமான மாற்றம் வேறு எது?

பொங்கல் வாழ்த்துமடலை நினைவு கூருங்கள். கரும்பும் மஞ்சளும் ஏறுதழுவும் காளையும் வரைந்த அம்மடல்களைத் தை பிறக்குமுன் கடைகளில் தேர்ந்தெடுத்து, நண்பர்க்கும் உறவினர்க்கும் அஞ்சலில் விடுத்ததும் இத்தலைமுறையின் வழக்கமே. சாதி, சமயம் கடந்த தமிழர் திருநாள் என்னும் கருத்தைச் சிற்றூர் வீடுகளுக்குள் கொண்டுசென்றவை அச்சிறு மடல்கள். தொலைப்பேசியும் கைப்பேசியும் வந்தபின் அவை அருகிவிட்டன. திரைப்படமும் தன் பங்கைச் செய்தது. 1952-இல் 'பராசக்தி' வந்தபின் அடுக்குத்தமிழ் உரையாடலை இளைஞர் மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தனர். ஆயினும் திரையில் கேட்ட தமிழுக்குக் கைதட்டியவர் அனைவரும் அத்தமிழைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றாரல்லர் என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

இம்மாற்றங்கட்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 'தமிழ்நாடு' என்னும் பெயர் வேண்டி விருதுநகரில் 1956 சூலைத் திங்களில் உண்ணாநோன்பு தொடங்கிய முதியவர் சங்கரலிங்கனார், அவ்வாண்டு அக்தோபரில் உயிர் நீத்தார். இந்தித் திணிப்பை எதிர்த்துக் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964 சனவரி 25-இல் திருச்சியில் தீக்குளித்தார். 1965 சனவரியில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வழியே சென்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அன்று தெருவில் இறங்கிய மாணவர் பெரும்பாலும் போர்முடிவை ஒட்டிப் பிறந்தவர்கள். தமிழ்வழி கற்று முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். 1967 சூலை 18-இல் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969 சனவரி 14-இல், பொங்கல் நாளன்று, தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அப்பெயரை இன்று நாம் முகவரியில் எழுதுகின்றோம். அதன் விலையை எண்ணுகின்றோமா?

இனி, கசப்பான பகுதிக்கு வருவேன். அவைக்கும் அழைப்பிதழுக்கும் தமிழ் தேடித்தந்த அத்தலைமுறை, தொழிலுக்கும் வருவாய்க்கும் தமிழைத் தேடித்தரவில்லை. தாம் தமிழ்வழி கற்று உயர்ந்தவர்களே தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பினர். 1970-களில் மிகச் சிலவாக இருந்த மெட்ரிக் பள்ளிகள் பின்னர் ஆயிரக்கணக்கிற் பெருகின. ஐந்தாம் வகுப்பு வரையேனும் தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்று 1999-இல் பிறந்த அரசாணை, 2000-இல் உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்தது. தமிழை உயர்நீதிமன்ற மொழியாக்க வேண்டிச் சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய தீர்மானமும் இன்னும் பயன்தரவில்லை.

இதற்காக அவர்களை இகழ்வது எளிது, அறமன்று. வயிற்றுப்பாடு எம்மொழியில் உள்ளதோ அம்மொழிக்கே மக்கள் செல்வர். வேலையும் வழக்குமன்றமும் உயர்கல்வியும் ஆங்கிலத்தில் இருக்க, 'உன் பிள்ளையை மட்டும் தமிழில் படிக்க வை' என்று ஏழைத் தந்தையிடம் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? பற்று ஒருபுறமும் பிழைப்பு மறுபுறமும் இழுத்தபோது பற்று தோற்றது. பற்றும் பிழைப்பும் ஒரே பக்கம் நிற்குமாறு செய்வதே அத்தலைமுறை நம்மிடம் விட்டுச்சென்ற வேலை.

அவருள் பலர் இன்று எண்பதை எட்டியோரும் கடந்தோரும் ஆவர். நாள்தோறும் ஒருவர் நம்மை விட்டுப் பிரிகின்றார். ஆகவே மூன்று பணிகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறவுங்கள். பழைய அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள், வாழ்த்துமடல்கள், படிப்பகக் கணக்கேடுகள் ஆகியவற்றைப் பழந்தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடாதீர்கள். எளிய மக்கள் எழுதிய தமிழ் வரலாறு அவற்றில்தான் உள்ளது. முதியோரை அமரவைத்து அவர் கூறுவதைப் பதிவு செய்யுங்கள்.

இரண்டு: எவ்வழிப் பள்ளியிற் படிப்பினும் உங்கள் பெயரப்பிள்ளை பிழையின்றித் தமிழ் படிக்கவும் எழுதவும் நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தாத்தா தம் உயிரை வைத்துக் காத்த மொழியில் அவர்க்கு ஒரு மடல் எழுத இயலாத பெயரன் வளர்வது எத்துணைப் பெரிய இழப்பு!

மூன்று: நீங்கள் செய்யும் தொழிலுக்குத் தமிழைக் கொணருங்கள். மருத்துவர் மருந்துக் குறிப்பையும், வணிகர் விலைச்சீட்டையும், பொறியாளர் பயன்பாட்டு விளக்கத்தையும், கணினி வல்லுநர் திரையிலுள்ள கட்டளைச் சொற்களையும் தமிழில் தரட்டும். துண்டறிக்கையில் தொடங்கிய மாற்றம் அவையை மாற்றியதுபோல், விலைச்சீட்டில் தொடங்கும் மாற்றம் அங்காடியை மாற்றும்.

அவர்கள் கையில் பணமில்லை, அரசு இல்லை, கணினி இல்லை. இருந்தது ஒரு துண்டறிக்கையும் அதனைத் திருத்த ஓர் எழுதுகோலும். நம் கையிலோ அனைத்தும் உள. இல்லாதது எதுவென்று நீங்களே எண்ணிப் பார்த்துச் செயற்படுவீர்கள் என்னும் நம்பிக்கையோடு அமர்கின்றேன்.

வெல்க தமிழ்!