சந்தையே இணைக்கிறது!

(‘உழவரையும் உண்பவரையும் இணைப்பது ஊடகமா? சந்தையா?’ என்ற தலைப்பில் புதுச்சேரியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சந்தையே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என்னை எப்படி மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! புதுவைப் பெருமக்களே! அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளே! முதலில் எழுந்துபோய் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாருங்கள். (சிரிப்பு)

உழவைப் பற்றிப் பேசினால் குறளோடு ஆரம்பிக்க வேண்டும் என்பது மேடை மரபு. வள்ளுவரும் உழவுக்கென்று தனி அதிகாரம் வைத்துப் பத்துக் குறள் எழுதினார். அந்தப் பத்தையும் எனக்கு முன்னாடி பேசினவங்க பங்கு போட்டு முடிச்சுட்டாங்க. (சிரிப்பு) அதனாலே நான் நேரா மார்க்கெட்டுக்குப் போயிடறேன்.

எதிரணியில் பேசிய பேராசிரியர் ஐயா இரண்டு நல்ல சான்றுகள் சொன்னார். நான் மறுக்கவில்லை. அறுபதுகளில் வானொலியில் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. ஜனங்க அதுக்கு ‘ரேடியோ நெல்’லுன்னே பேர் வச்சாங்க. உண்மை. இரண்டாவது, நம்ம ஊர்க் கதை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து நம் கிராமங்களில் அறிவு மையங்கள் தொடங்கியது. நெல் விலை என்ன, எரு விலை என்ன என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அருமையான வேலை. கை தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். (கைதட்டல்)

ஆனா நடுவர் அவர்களே, ஒரு சந்தேகம். இதெல்லாம் எந்தப் பக்கம் போகிற செய்தி? நகரத்திலிருந்து கிராமத்துக்கு. விஞ்ஞானி சொன்னார், விவசாயி கேட்டார். சரி, விவசாயி சொன்னதை நகரத்தில் யார் கேட்டது? நம்ம புதுச்சேரியிலே வண்டி ஓட்டுறவங்களுக்குத் தெரியும். எந்த வீதி ஒன்வேன்னு தெரியாம நுழைஞ்சா போலீஸ்காரர் நிக்கிறார். ஊடகம் ஒரு ஒன்வே வீதி ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

தூர்தர்ஷனில் ‘வயலும் வாழ்வும்’ வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விவசாயியைப் பற்றிய நிகழ்ச்சி. அது ஆரம்பித்தவுடனே நம்ம வீட்டில் என்ன செய்வோம்? “இது முடியறதுக்குள்ளே சாப்பிட்டுட்டு வந்துடலாம்”னு எழுந்து போவோம்! (பலத்த சிரிப்பு) டி.வி.யில் விவசாயி பேசிக்கிட்டிருக்கார். அவர் விளைவிச்ச சோற்றை அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நாம சாப்பிடுறோம். இன்னைக்கு செல்போன் வந்துட்டுது, விவசாயியே வீடியோ போடறார்ங்கிறாங்க. போடறார். நாமதான் கட்டை விரலாலே தள்ளி விட்டுடறோமே! எதிரே மனுஷன் நின்னா அப்படித் தள்ள முடியுமா?

(நடுவர்: அப்ப சந்தையிலே மட்டும் என்னம்மா பேசிக்கிறீங்க? “இது என்ன விலை, அது என்ன விலை”, அவ்வளவுதானே?)

நல்ல கேள்வி ஐயா. என் சொந்தக் கதையையே சொல்கிறேன்.

நம்ம பெரிய மார்க்கெட் இருக்கிறது. நேரு வீதியிலே நுழைஞ்சா ரங்கப்பிள்ளை வீதியிலே வெளியே வரலாம், நடுவில் யாரும் காலை மிதிக்காமல் இருந்தால்! (சிரிப்பு) அந்தப் பக்கம் வாசலோரத்தில் ஒரு அம்மா கூடை வைத்து உட்கார்ந்திருப்பார். பாகூர்ப் பக்கத்துக் கிராமம். இருபது கிலோமீட்டர், விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி வருகிறவர். சொந்தக் கொல்லையில் விளைந்த கத்தரிக்காய். நான் என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதுதான். ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பளபளன்னு இருக்கிறதை மட்டும் பொறுக்கினேன். ஒன்றில் சின்ன ஓட்டை. உடனே, “என்னம்மா சொத்தையை விக்கிறே”ன்னு கூடையில் போட்டேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. நிதானமாச் சொன்னாங்க: “பாப்பா, சொத்தை இருந்தா எடுத்து வை, நான் வேற தர்றேன். ஆனா கூடையிலே ஒண்ணுகூடச் சொத்தை இருக்கக் கூடாதுன்னு எல்லாரும் கேட்டா, நான் மருந்து மேலே மருந்து அடிக்கணும். உனக்கு எது வேணும், சொல்லு. அப்படியே செய்யறேன்.”

நடுவர் அவர்களே, எனக்குப் பதில் வரவில்லை. பட்டிமன்றத்திலே பேசற எனக்கே வாய் அடைச்சுப்போச்சு! கத்தரியில் காய்த்துளைப்பான் என்று ஒரு புழு உண்டு. காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் புகுவதற்கு முன்னாலேயே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் அந்த மருந்தை அடிக்கச் சொன்னது யார்? இத்தனை வருஷமாப் பளபளப்பைப் பொறுக்கின என் கை. அதை எந்த டி.வி.யும் எனக்குச் சொல்லவில்லை. அன்னைக்கு அந்தக் கூடைதான் சொல்லிச்சு. (நீண்ட கைதட்டல்)

“இது ஒரு வீட்டுக் கதை, நாட்டுக் கதை சொல்லு” என்பார்கள் எதிரணியில். சொல்கிறேன். அதே கத்தரிக்காய்தான். மரபணு மாற்றின பி.டி. கத்தரிக்காயை விற்பனைக்கு விடலாமா என்று கேள்வி வந்தபோது, 2010 தொடக்கத்தில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் நடத்தினார். விவசாயி, விஞ்ஞானி, வாங்கிச் சாப்பிடுகிறவர் எல்லாரும் ஒரே மண்டபத்தில். விவசாயிகளிலேயே வேண்டும் என்றவரும் உண்டு, வேண்டாம் என்றவரும் உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். முடிவு சரியா தப்பா என்பது வேறு பட்டிமன்றம். என் வாதம் இதுதான்: தட்டிலே விழப்போகிற ஒரு காயைப் பற்றி விளைவிக்கிறவரும் தின்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். அப்படிச் சந்திக்கிற இடம் எதுவோ, அதுதான் சந்தை!

இப்போது உழவர் சந்தைக்கு வருகிறேன். பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ வந்தது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை. அங்கே விவசாயிக்கு என்ன கொடுத்தார்கள்? புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை. கடை வாடகை இல்லை. தராசு கொடுத்தார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்தார்கள், மொத்த வியாபாரி தருவதைவிட விவசாயிக்குக் கூட, கடையில் விற்பதைவிட நமக்குக் குறைவு. பேசத் தெரியாதவர் விவசாயி என்று நினைக்கிறோம். அவருக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டாம் ஐயா. உட்கார இடமும் சரியான தராசும் கொடுங்கள், அவரே பேசுவார்! (கைதட்டல்)

அடுத்தது நெல். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார் நெல் ஜெயராமன். 2018-இல் மறைந்தார். விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் இலவசம். கொண்டுபோய் விதைத்து அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வட்டி நூத்துக்கு நூறு! ஆனா இந்த வட்டியாலே ஒரு குடும்பமும் அழியலே, அழிய இருந்த நெல்லுதான் பிழைச்சுது. (கைதட்டல்) மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று பாட்டி காலத்துப் பெயர்களெல்லாம் நகரத்துக் கடைக்குத் திரும்பி வந்ததற்கு இப்படிப்பட்ட சந்திப்புகள் பெரிய காரணம். அப்படி வந்த அரிசியை வாங்கிவிட்டு, “ஏன் இத்தனை விலை?” என்று கேட்டால், விளைவித்தவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்: “அம்மா, குறுவை நெல் 110 நாளிலே அறுவடை. இது ஐந்து மாசத்துக்கு மேலே நிக்குது. விளைச்சலும் கம்மி. ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ நெல் குத்தணும்.” இப்படி ஒரு தடவை கேட்டவர், அப்புறம் பேரம் பேச வாய் திறப்பாரா?

எதிரணியிலிருந்து ஒரு தம்பி கேட்டார், “விவசாயி வயலைப் பார்ப்பாரா, சந்தையில் உட்காருவாரா?” என்று. நியாயமான கேள்வி. எல்லாரும் வர முடியாதுதான். எல்லாச் சந்தையும் ஒரே மாதிரி ஓடவும் இல்லை. சில உழவர் சந்தைகள் நடுவில் நொடித்தன, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. ஏன் நொடித்தன? அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாமும் பக்கத்துத் தெருக் கடையே போதும் என்று இருந்துவிட்டோம். விவசாயி விடியற்காலையில் வந்து உட்கார்ந்தார். நாம ஒன்பது மணிக்குப் போய், “எல்லாம் தீர்ந்து போச்சா”ன்னு கேட்டோம். (சிரிப்பு) அவர் பாதி தூரம் வந்துட்டார் ஐயா. மீதி பாதி நாம போகணும்.

அதற்கு அதிகம் செலவில்லை. அறுவடை நேரத்தில் பாகூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு அடுத்த வாரம் போகலாம், சட்டை ஓடிப்போகாது. (சிரிப்பு) அந்தக் களத்து மேட்டில் நிற்கிறவரிடம் பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். அவர் பதில் சொல்லட்டும்.

அதுவும் முடியவில்லையா? நாளைக்குக் காலையிலே கூடைக்கு முன்னாடி குனியும்போது, “எவ்வளவு?”ன்னு கேக்கறதுக்கு முன்னாலே, “எந்த ஊரும்மா?”ன்னு கேளுங்க. “இந்த வருஷம் தண்ணி இருந்துச்சா?”ன்னு கேளுங்க. அந்த ரெண்டு கேள்விக்கு அவங்க முகம் நிமிர்வதைப் பாருங்கள். அந்த முகத்தைக் காட்ட ஊடகத்தால் முடியும். அதைப் பார்த்துப் பேச வைக்கச் சந்தையால்தான் முடியும்!

ஆகவே உழவரையும் உண்பவரையும் இணைப்பது சந்தையே, சந்தையே என்று சொல்லி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)