படல் உயரும் பருவம்



நம்மில் பலர் இன்று தேக்கா வழியாகத்தான் இந்த அரங்கிற்கு வந்திருப்போம். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடல் 1933 வரை ஃபேரர் பார்க்கில் இருந்தது. பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தபின் அத்திடலில் மனிதர்கள் ஓடினார்கள். சற்றுத் தள்ளிக் கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் எருமைப் பட்டி என்று பொருள். நான் பேச எடுத்துக்கொண்ட 110 மீட்டர் தடைதாண்டும் ஓட்டமும் பந்தயத் திடலும் பட்டியும் சந்தித்த இடத்தில் பிறந்ததுதான். அச்சந்திப்பு நிகழ்ந்த இடம் மட்டும் இங்கிலாந்து.

19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மாணவர்கள், குதிரைகள் வேலி தாண்டி ஓடுவதைக் கண்டு தாமும் அவ்வாறு ஓட விரும்பினர். தாண்டுவதற்கு அவர்கள் நட்டவை ஆடுகளை அடைக்கும் மரத் தட்டிகள். அத்தட்டியின் ஆங்கிலப் பெயரே ஆட்டத்திற்கும் பெயராயிற்று. வயலில் கிடை போடும் கீதாரி ஆடுகளைச் சுற்றி நிறுத்துவாரே, அந்தப் படல்தான் அது. நாமோ அதனைத் 'தடை' என்றோம். பிழையில்லை, ஆயினும் தடை என்றதும் எனக்கு அரசாணைதான் நினைவுக்கு வருகிறது. படல் என்றால் அதன் உயரம் கண்முன் நிற்கிறது. இவ்வுரையில் படல் என்றே சொல்வேன்; பொறுத்தருள்க.

தொடக்கத்தில் படல் தரையில் ஊன்றப்பட்டிருந்தது; மோதியவன் வீழ்ந்தான். இடித்தால் முன்னே சாய்ந்துவிடும் 'எல்' வடிவப் படல் 1935இல் வந்தது. (கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.) அச்சம் நீங்கியதும் ஓட்டத்தின் இயல்பே மாறிற்று. வீரன் படலை உயரத் தாண்டுவதில்லை. ஓட்டத்தின் ஓர் எட்டாகவே அதைக் கடந்துவிடுகிறான். காற்றில் கழியும் ஒவ்வொரு கணமும் அவனுக்கு நட்டம்.

முதற்படல் 13.72 மீட்டரில். அதன்பின் 9.14 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் படல்கள். இறுதியில் 14.02 மீட்டர் வெற்றோட்டம். இரு படல்களுக்கிடையே மூன்று எட்டு. ஒன்று கூடினாலும் தாளம் கெட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கும் இருபதுக்குட்பட்டோர்க்கும் பெரியவர்க்கும் இந்த இடைவெளி ஒன்றே. உயர்வது படல் மட்டும்: முதலில் 91.4 சென்டிமீட்டர், பிறகு 99.1, முடிவில் 106.7. இதற்கிடையே இளைஞனின் கால்களும் நீள்கின்றன. நேற்று எட்டி எட்டிக் கடந்த 9.14 மீட்டர் இன்று அவனுக்கு நெருக்கடியான இடம். எட்டைக் குறுக்கி விரைவைக் கூட்ட வேண்டும். ஆகவே அவன் இருமுறை இதே ஓட்டத்தைப் புதிதாகக் கற்கிறான். நம் ஊரில் இரண்டாம் முறை கற்கும் வேளையில் தேசிய சேவையும் வந்துசேர்கிறது. தேசியச் சாதனை படைத்த ஆங் சென் சியாங் மருத்துவமும் பயின்றவர் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு மிகுகிறது.

2021 ஆகஸ்டில் நைரோபியில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் பிரான்சின் சாஷா ஸோயா 12.72 வினாடியில் வென்றார். பெரியவர்களின் உலகச் சாதனை, ஏரிஸ் மெரிட் 2012இல் பிரசல்ஸில் ஓடிய 12.80. அப்படியானால் பத்தொன்பது வயதினர் உலகச் சாதனையை முறியடித்தாரா? இல்லை. அவருடைய படல் 7.6 சென்டிமீட்டர் தாழ்ந்தது. 12.72 இளையோர் சாதனை, தன்னளவில் பெருஞ்சாதனை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதாத செய்தி, எண்களைச் சரியாகத் தந்தும் வாசகரை ஏமாற்றிவிடும்.

ஏமாற்றம் என்று பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2010இல் இளையர் ஒலிம்பிக் இங்கு நடந்தபோது என் தந்தையாரைப் பீஷான் விளையாட்டரங்கிற்கு அழைத்துச் சென்றேன். வரிசையாக நின்றவற்றைக் கண்டதும், "அட, நம்ம ஆட்டுப் படலுடா இது" என்றார். அச்சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு பையன் படலை இடித்துச் சாய்த்துவிட்டு ஓடினான். "தள்ளிட்டானே, வெளியே அனுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டார். விடை எனக்குத் தெரியும். தமிழில் சொல்லத்தான் வரவில்லை. பாதி ஆங்கிலமாக ஏதோ சொன்னேன். அவர் தலையசைத்தார். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

அன்றைய விதிப்படி தவறுதலாக இடித்தால் குற்றமில்லை, அப்பா. வேண்டுமென்றே தள்ளினால்தான் அன்று நீக்கினார்கள். இடித்தவனுக்கு இழப்பு அவன் வேகத்தில்தான். இவ்வளவே விடை. இதைச் சொல்லும் தமிழைத் திரட்ட எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. முதலில் படலைக் கடக்கும் காலை முன்கால் என்றும், மடங்கிப் பின்தொடரும் காலைத் தொடர்கால் என்றும் குறித்து வைத்திருக்கிறேன். முன்கால் எனக்கு நிறைவு தருகிறது; தொடர்கால் அவ்வளவாக இல்லை. இதனினும் நல்ல சொல் உங்களில் எவர் வீட்டிலேனும் இருக்கக்கூடும். ஆடு மேய்த்தவர்களின் வழிவந்தோர் இவ்வவையில் ஒருவரேனும் இருப்பீர்கள். கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்; எழுதிக்கொள்ளத் தாள் கொண்டுவந்திருக்கிறேன்.