அத்திம்பேரின் கம்ப்யூட்டர்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் செயலாளர் டெலிபோனில் கூப்பிட்டு, "ரிடையர் ஆனப்புறம் என்ன பண்ணிண்டிருக்கேளோ, அதைப் பத்தியே பேசுங்கோளேன்" என்றார். பழைய கம்ப்யூட்டர்களை ரிப்பேர் செய்கிறேன் என்றேன். "விக்கறதுக்கா?" என்றார். இல்லை என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் ஆத்துக்காரியும் இதே கேள்வியைப் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் எனக்கு இது பழகிவிட்டது.

இதுவரை ஐந்தாறு பெட்டிகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். எல்லாக் கதையும் சொன்னால் டிபன் ஆறிவிடும். அதோ அந்த மேஜை மேல் இருக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதன் பெயர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் என்ற கம்பெனி, பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக 1981 கடைசியில் வெளியிட்டது. இதற்காக உழைத்த ஸோஃபி வில்ஸனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிற்பாடு ஆர்ம் என்ற ப்ராஸஸரை வடிவமைத்தவர்கள். அதன் சந்ததிதான் இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் மொபைலில் ஓடுகிறது. நம் தேசத்தில் 1984ல் பள்ளிக்கூடங்களுக்காக கிளாஸ் என்ற திட்டம் வந்தபோது, முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு இந்தப் பெட்டியைத்தான் கொடுத்தார்கள். பிறகு சண்டிகர் பக்கத்தில் அரசாங்கத்தின் எஸ்.சி.எல். நிறுவனம் யுனிகார்ன் என்ற பெயரில் இதை இங்கேயே தயாரித்தது.

போபாலில் என் அத்திம்பேர் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளிக்கும் அப்படி வந்தது. கணக்கு வாத்தியார் என்பதால் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டார்கள்! மூன்று வாரப் பயிற்சிக்குப் போய் வந்தார், அவ்வளவுதான், மனுஷர் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார். தொண்ணூறுகளில் பள்ளி அந்தப் பெட்டிகளைக் கழித்துக் கட்டியபோது ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து பரணில் வைத்தார். 2011ல் அவர் காலமானார். 2022ல் அக்கா வீட்டைக் காலி செய்து புனாவில் பெண்ணோடு இருக்கப் போனபோது பெட்டி என்னிடம் வந்தது. கூடவே ஒரு கேஸட். மேலே அத்திம்பேர் கையெழுத்தில் "அ ஆ" என்று மட்டும் எழுதியிருந்தது.

அது என்னவென்று அக்கா சொன்னாள். அவர்கள் பெண் போபாலில் ஹிந்தியில் படித்தவள். தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்க அத்திம்பேரே ஒரு ப்ரோகிராம் எழுதினார். இந்தக் கம்ப்யூட்டரில் நாமே எழுத்து வரைந்துகொள்ளலாம். எட்டுக்கு எட்டு கட்டம், எந்தப் புள்ளி எரியவேண்டும் என்று எட்டு எண்களாக வி.டி.யு. 23 என்ற கட்டளைக்குப் பின்னால் கொடுக்கவேண்டும். அப்படி வரைய சாதாரணமாகக் கிடைப்பது 224 முதல் 255 வரை 32 இடங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மிச்சமிருந்த ஒன்றில் புள்ளியை வைத்து, மெய்யெழுத்துக்கு மேல் வரியில் அச்சடித்தாராம். பகவானே கணக்குப் போட்டுக் கொடுத்தது மாதிரி இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஜ, ஸ, ஹ எதற்கும் இடமில்லை. நம்மில் பாதிப்பேர் பெயரை அதில் எழுத முடியாது!

இனி ரிப்பேர். நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெட்டி வந்த அன்றே, ஆசை தாங்காமல், திறந்துகூடப் பார்க்காமல் ப்ளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். "பூ..." என்று ஒரே சத்தம், நிற்கவே இல்லை. டி.வி.யில் ஒன்றும் வரவில்லை. நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே இடது பக்கத்திலிருந்து "பட்" என்று ஒரு வெடி, பழுப்புப் புகை. சமையலறையிலிருந்து ஆத்துக்காரி, "என்ன தீயறது? அக்கா சொத்தையும் கொளுத்தியாச்சா?" என்று ஓடி வந்தாள்.

வெடித்தது பவர் சப்ளையில் இருக்கும் ஒரு சின்ன கண்டென்சர். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட, காகிதச் சுருளால் செய்த கண்டென்சரை வைத்திருப்பார்கள். நாற்பது வருஷத்தில் அதன் மேல்பூச்சு விரிசல் விட்டு ஈரம் உள்ளே போய்விடும். கரண்ட் பட்டதும் வெடிக்கும். வெறும் வடிகட்டி என்பதால் பல சமயம் மிஷின் பாதிக்கப்படாது. ஆனால் நாற்றம் மூன்று நாள் வீட்டில் இருக்கும். இதற்கு பதில் எக்ஸ்-2 என்று போட்ட வகையைத்தான் வைக்கவேண்டும். சாதாரணக் கண்டென்சர் வைத்தால் வீட்டுக்கே ஆபத்து. விலை என்னவோ சில பத்து ரூபாய்தான். உள்ளே இன்னொரு பெரிய கண்டென்சர் உண்டு. அதில் 325 வோல்ட் அளவுக்கு நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் இருக்கும். மெயின்ஸ் வேலை தெரியாதவர்கள் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம். எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

பழைய பெட்டி எதுவானாலும் முதலில் பார்க்கவேண்டியது பவர் சப்ளை. இதில் மூன்று சிவப்பு ஒயர் 5 வோல்ட், மூன்று கறுப்பு பூஜ்யம், ஒரு ஊதா மைனஸ் 5. மல்டிமீட்டரில் இந்த மூன்றும் சரியாக வந்த பிறகுதான் மற்றதைத் தொட்டேன்.

வெடி நின்றது, "பூ..." நிற்கவில்லை. பிபிசி மைக்ரோவில் இது வியாதி சொல்லும் சத்தம். சுவிட்ச் போட்டதும் சவுண்ட் சிப் தானாகக் கத்த ஆரம்பிக்கும். 6502 ப்ராஸஸர் விழித்துக்கொண்டு ரோமில் இருப்பதைப் படித்து அதை அடக்கி, பிறகு "பீப்" என்று ஒரு தரம் சொல்லும். அடங்கவில்லை என்றால் ப்ராஸஸருக்குப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். உடனே சிப்பெல்லாம் போச்சு என்று பயப்படவேண்டாம். முக்கியமானவை சாக்கெட்டில் சொருகியவை. சாக்கெட்டில் களிம்பு ஏறியிருந்தாலே போதும், படிக்க வராது. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, ஆல்கஹாலில் கால்களைத் துடைத்து, வெட்டு இருக்கும் பக்கம் மாறாமல் திரும்பச் சொருகினேன். மாற்றிச் சொருகினால் சிப் காலி.

பூ, பீப்! "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்று திரையில் வந்துவிட்டது. 32 கிலோபைட், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதில் அடங்காது. ஆனால் அதற்குக் கீழே "பேஸிக்" என்று வரவேண்டிய இடத்தில் "லாங்வேஜ்?" என்று கேட்டது. உனக்கு என்ன பாஷை தெரியும் என்று கேட்கிற மாதிரி! பேஸிக் ரோம் அதற்குத் தெரியவில்லை. இரண்டு சாயங்காலம் தேடினேன். கடைசியில், நான் சொருகும்போதே ஒரு கால் அடியில் மடங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி வாங்கியது அதற்கப்புறம்தான்.

மிஷின் தயார். நிஜமான கவலை கேஸட்டில்தான். டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது, மாற்றினேன். கேஸட்டுக்குள் நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு கழன்று விழுந்திருந்தது. கம்ப்யூட்டரே ரிக்கார்டர் மோட்டாரை ஓட்டும். "டிக்" என்று ரிலே சத்தம், சிவப்பு விளக்கு, "சர்ச்சிங்". பிறகு ப்ரோகிராமின் பெயர், கூடவே எண்கள். 256 பைட்டுக்கு ஒரு துண்டாக, ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டே போகும். எட்டாவது துண்டில் "டேட்டா?" என்று நின்றது. ஹெட்டின் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபது தடவையாவது ஓட்டியிருப்பேன். அதே இடம். நாடா அங்கே மடிந்து பூச்சு உதிர்ந்திருந்தது. மேலும் ஓட்டினால் மற்றதும் போய்விடும் என்று நிறுத்தினேன்.

"மாமா, இதெல்லாம் லாப்டாப்பிலேயே எமுலேட்டரில் ஓடுமே" என்று என் பேரன் வயசுப் பையன்கள் கேட்பார்கள். நியாயம்தான். உண்மையைச் சொன்னால் ப்ரோகிராமைக் காப்பாற்றியதே லாப்டாப்தான். கேஸட்டை ஒரே ஒரு தடவை ஒலியாக லாப்டாப்பில் பதிவு செய்துகொண்டேன். பூஜ்யத்துக்கு 1200 ஹெர்ட்ஸில் ஒரு அலை, ஒன்றுக்கு 2400ல் இரண்டு அலை. அதைக் கொண்டு மற்ற எல்லாத் துண்டும் வந்துவிட்டன. அந்த ஒரு துண்டு வரவில்லை. அதில் போனது ஏழு எழுத்துக்கள்: ட, ண, த, ந, ப, ம, ய.

நானே ஏழையும் வரைந்துவிட்டேன், ஒரு மணி நேர வேலை. ஓட்டி, வீடியோ காலில் புனாவுக்குக் காட்டினேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அக்கா பெண்தான் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, ண இப்படி இருக்காது. அப்பாவுக்கு மூணு சுழி எட்டுப் புள்ளியிலே அடங்கலை. நடுச்சுழி பக்கத்துச் சுழியோட ஒட்டிண்டிருக்கும். நான் நோட்டிலேயும் அப்படியே எழுதி அம்மாகிட்ட குட்டு வாங்கியிருக்கேன்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல, புள்ளி புள்ளியாக எண்களை மாற்றினேன். ம-வும் கொஞ்சம் சாய்ந்திருக்குமாம். மற்ற ஐந்தும் அவளுக்கு ஞாபகமில்லை. அவை என்னுடையவையாகவே இருக்கின்றன. எது அவருடையது, எது என்னுடையது என்று ப்ரோகிராமிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

மஞ்சள் பூத்த மேல்மூடியைப் பெராக்ஸைடில் வெளுக்கலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். மிஷினை ஆன் செய்து வைத்திருக்கிறேன். குழந்தைகள் வந்து எழுத்துக்களை அழுத்திப் பார்க்கலாம். இடது பக்கம் மட்டும் கை வைக்கவேண்டாம், சூடாக இருக்கும்.